பழைய கார் எஞ்சினில் ஆயில் பிரஷர் அதிகமா, ஆயில் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வந்த கார்புரேட்டர் எஞ்சின்களுக்கான பதில்கள் இவை. பிரஷர் அளவுகளை பிஎஸ்ஐ-யில் (ஒரு சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) கொடுத்திருக்கிறோம். உங்கள் கேஜில் பார் இருந்தால் 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

பிரஷர் அதிகமாகக் காட்டுகிறது, ஆயிலும் ஒழுகுகிறது. இரண்டும் ஒரே கோளாறுதானே?

பெரும்பாலும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாமல் எஞ்சினை இறக்குகிறார்கள்.

பம்ப் தரும் பிரஷர் எஞ்சினுக்குள் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. பம்ப்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து மெயின் கேலரி (பிளாக்குக்குள் ஓடும் முக்கிய ஆயில் பாதை), கேலரியிலிருந்து பேரிங்குகள். அதன் பாதை அவ்வளவுதான். பேரிங் ஓரத்தில் வழிந்த நொடியே பிரஷர் போய்விடும். பிறகு ஆயில் தன் எடையில் சொட்டி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் விழுகிறது. டேப்பெட் கவர் பேக்கிங், சம்ப் பேக்கிங், டைமிங் கவர், கிராங்க்கின் முன் சீல், பின் சீல் எல்லாம் இந்த இரண்டாவது பக்கத்தில் இருப்பவை. கேஜில் 40 இருக்கிறதா 90 இருக்கிறதா என்பது அவற்றைப் பெரிதாகத் தொடாது. அவற்றின் வழியே ஆயிலை வெளியே தள்ளுவது கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் எஞ்சினின் கீழ் அறை) சேரும் காற்று. அது வேறு கணக்கு, கீழே வருகிறது.

பம்ப் பிரஷர் நேரடியாகத் தாக்கும் இடங்கள் சிலவே: ஃபில்டர் அமரும் முகம், பிரஷர் சென்சார், கேஜுக்குப் போகும் பைப், கேலரி பிளக்குகள், ரிலீஃப் வால்வின் (பிரஷர் அளவு மீறினால் திறந்து உபரி ஆயிலைத் திருப்பி விடும் வால்வு) நட், ஆயில் கூலரும் அதன் ஹோஸ்களும், சில எஞ்சின்களில் ராக்கர் ஷாஃப்டுக்கு வெளியே ஓடும் ஃபீட் பைப். இங்கே ஒழுகினால் எஞ்சின் ஓடும்போது வழியும், ரேஸ் கொடுத்தால் கூடும், நிறுத்தினால் சீக்கிரம் நின்றுவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு அடியில் காலையில் புதிதாகச் சொட்டு இருந்தால் அது பெரும்பாலும் பிரஷர் பக்கத்துக் கசிவு அல்ல.

எவ்வளவு இருந்தால் "அதிகம்"?

சூடான எஞ்சினில் பார்த்தால்தான் இதற்குப் பதில் உண்டு. 20டபிள்யூ-50 ஆயிலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 70, 80 காட்டுவது அந்த ஆயிலுக்கு இயல்பு.

பொதுவான கணக்கு: சூடான நிலையில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் குறைந்தது 10 பிஎஸ்ஐ. இது குறைந்தபட்ச அளவு. மேல் வரம்பை அந்தந்த எஞ்சினின் மேனுவல்தான் சொல்லும். உதாரணமாக எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்கு ஐட்லிங்கில் 10 முதல் 25, ஓட்டத்தில் 50 முதல் 80 என்பது தொழிற்சாலை அளவு. அதே 75 பிஎஸ்ஐ, ரிலீஃப் வால்வு 45-இல் திறக்கும்படி அமைந்த எஞ்சினில் வந்தால் கோளாறு. நண்பரின் காரோடு ஒப்பிடாதீர்கள், மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

கேஜை நம்பலாமா?

பழைய காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியதே கேஜைத்தான். எலக்ட்ரிக் கேஜ் பிரஷரைக் காட்டுவதில்லை, சென்சாரின் ரெசிஸ்டன்ஸைக் காட்டுகிறது. அந்த ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு. பல ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பிரஷர் இல்லாதபோது 0 ஓம், முழு அளவில் 90 ஓம். விடிஓ (ஜெர்மன் கேஜ் தயாரிப்பாளர்) வகையில் 10-இலிருந்து 180 ஓம். கடையில் தனியாக வாங்கிப் போடும் பல அமெரிக்கக் கேஜ்களில் தலைகீழ்: பிரஷர் இல்லாதபோது 240, முழு அளவில் 33 ஓம்.

இதிலிருந்து கோளாறை உடனே ஊகிக்கலாம். முதல் இரண்டு வகையிலும் வயர் அறுந்தாலோ சாக்கெட் கழன்றாலோ முள் உச்சிக்குப் போய் நிற்கும். 240-33 வகையில் வயர் எங்காவது பாடியில் உரசி எர்த் ஆனால் உச்சிக்குப் போகும். ஒரு வகைக் கேஜுக்கு வேறு வகை சென்சாரை மாட்டினால் முள் எதையாவது காட்டும். அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை.

கண்ணில் படாத இன்னொரு தப்பு டெஃப்லான் டேப். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. மரை முழுக்க டேப் சுற்றினால் எர்த் சரியாகக் கிடைக்காது, ரெசிஸ்டன்ஸ் கூடும், முதல் இரண்டு வகையில் கேஜ் அதிகமாகக் காட்டும். சென்சார் மாற்றிய நாளிலிருந்துதான் பிரஷர் ஏறியது என்றால் வேறெதையும் தொடாமல் இதைப் பாருங்கள்.

1960களின் பிரிட்டிஷ் கார்களில் பைமெட்டல் கேஜ்களுக்கு 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். அது பழுதாகி 12 வோல்ட்டை அப்படியே விட்டால் அதில் ஓடும் கேஜ்கள் எல்லாம் சேர்ந்து ஏறும். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் கூடவே உயர்ந்தால் எஞ்சினைப் பார்க்காதீர்கள், டாஷ்போர்டுக்குப் பின்னால் பாருங்கள்.

பைப் வழியே ஆயிலே போகும் மெக்கானிக்கல் கேஜ் என்றால், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து முள் பூஜ்ஜியத்துக்கு வருகிறதா பாருங்கள். 15-இல் நின்றுவிட்டால், ஓடும்போது காட்டும் 75 உண்மையில் 60 ஆக இருக்கலாம்.

சரியாக அளப்பது எப்படி?

0 முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டும் மெக்கானிக்கல் டெஸ்ட் கேஜ், ஆயில் தாங்கும் ஹோஸ், சரியான அடாப்டர். அடாப்டரில் கவனம் வேண்டும். அமெரிக்க எஞ்சின்களில் பெரும்பாலும் 1/8 என்பிடி மரை, இஞ்சுக்கு 27 மரை. பிரிட்டிஷ் எஞ்சின்களில் வரும் 1/8 பிஎஸ்பி-யில் இஞ்சுக்கு 28. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு மூன்று சுற்று கையால் ஏறும், பிறகு ஸ்பேனர் போட்டால் பிளாக்கின் மரை போய்விடும். ஐரோப்பிய எஞ்சின்கள் பலவற்றில் எம்10 x 1 (10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி).

சென்சாரைக் கழற்றி அதே துளையில் கேஜை மாட்டுங்கள். ஹோஸ் ஃபேனிலோ எக்சாஸ்ட் மேனிஃபோல்டிலோ படாமல் கட்டுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினை முடுக்க வேண்டாம். பிறகு 20 நிமிடமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். தண்ணீர் சூடாகிவிட்டதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது, ஆயில் பின்தங்கித்தான் வரும். இப்போது ஐட்லிங், 1000, 1500, 2000, 2500, 3000 ஆர்பிஎம் என ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி எழுதுங்கள்.

எண்களைவிட அவை ஏறும் விதம் முக்கியம். 20, 34, 46, 56, 58, 59 என்று வந்தால் 2000-க்கு மேல் வளைவு படுத்துவிட்டது. ரிலீஃப் வால்வு திறந்து உபரியைத் திருப்பி விடுகிறது என்று பொருள். 25, 42, 58, 72, 86, 98 என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் வால்வு திறக்கவில்லை, அல்லது திறந்தும் ஆயில் திரும்பிப் போகும் வழி போதவில்லை. படுத்துவிட்ட வளைவு ஆனால் மொத்தமாக உயரத்தில், 80-ஐ ஒட்டி, என்றால் ஸ்பிரிங் தவறு அல்லது ஸ்பிரிங்குக்குப் பின்னால் யாரோ வாஷர் வைத்திருக்கிறார்கள்.

ரிலீஃப் வால்வைக் கழற்றினால் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எம்ஜிபியில் பிளாக்கின் இடது பக்கம், பின் ஓரத்தில் டோம் நட்டுக்குள். காற்றில் குளிரும் ஃபோக்ஸ்வாகனில் கிராங்க்கேஸின் அடியில், பெரிய ஸ்க்ரூ பிளக்குக்குள். சின்ன பிளாக் செவ்ரோலே வி8-இல் பம்ப்புக்குள்ளேயே. சம்ப்பை இறக்காமல் கை போகாது.

நட்டைத் திறக்குமுன் சுற்றிலும் சுத்தமாகத் துடையுங்கள். மணல் துகள் ஒன்று உள்ளே போனாலே வால்வு மறுபடி சிக்கும். ஸ்பிரிங் எளிதாக வந்துவிடும். பிளஞ்சர் (ஸ்பிரிங் தள்ளிப் பிடிக்கும் சிறு உருளை) வராமல் அடம்பிடித்தால் காந்தம் வைத்து இழுங்கள், அல்லது உள்விட்டத்துக்குச் சற்றே இறுக்கமான மரக்குச்சியை அழுத்திச் செருகித் திருகி இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் துளையின் சுவரில் கோடு விழும், அந்தக் கோடே அடுத்த கோளாறு.

வெளியே எடுத்த பிளஞ்சரைத் துடைத்து வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். பழுப்பு நிறத்தில் டீக்கறை போல் படிந்திருப்பது ஆயில் வார்னிஷ். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்தால் போகும். ஒரே பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் சாய்ந்து ஓடியிருக்கிறது. நீளவாக்கில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் புதிது போடுங்கள். ஆயில் தடவிய பிளஞ்சர் துளைக்குள் தன் எடையிலேயே வழுக்கிப் போக வேண்டும். விரலால் தள்ளினால்தான் போகிறது என்றால் அது இன்னும் சரியாகவில்லை.

ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். எம்ஜிபியில் தளர்ந்த நிலையில் 3 இஞ்சு, அதாவது 76.2 மி.மீ. அதைவிட நீளமாகவோ தடித்த கம்பியாகவோ இருந்தால் வேறு வண்டியின் ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கும் நட்டுக்கும் நடுவே வாஷர்கள் இருந்தால் கதை பெரும்பாலும் இதுதான்: பேரிங் தேய்ந்து பிரஷர் குறைந்தபோது யாரோ ஸ்பிரிங்கை இறுக்கிச் சமாளித்திருக்கிறார், பிறகு இன்னொருவர் புது பேரிங் போட்டார், வாஷரை எடுக்க மறந்தார். வாஷர் கூடினால் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, வால்வு முழுதாகத் திறக்கவே இடமில்லாமல் போகும்.

எஞ்சின் வேலை முடித்த பிறகு பிரஷர் ஏறியிருக்கிறது. நல்லதா கெட்டதா?

பேரிங் இடைவெளி குறைந்ததால் ஏறியிருந்தால் நல்லது. கிராங்க் ஜர்னலின் ஒவ்வோர் இஞ்சு விட்டத்துக்கும் ஆயிரத்தில் ஓர் இஞ்சு இடைவெளி என்பது பழைய கணக்கு. 2 இஞ்சு ஜர்னலுக்கு 0.002 இஞ்சு, அதாவது 0.05 மி.மீ. இந்த ஏற்றம் ரிலீஃப் வால்வின் அளவோடு நின்றுவிடும், ஓடி இளகும்போது கொஞ்சம் இறங்கும்.

வழி அடைபட்டதால் ஏறியிருந்தால் கெட்டது. கேஜ் காட்டுவது சென்சார் இருக்கும் இடத்துப் பிரஷரை மட்டும்தான். அதற்கு அப்பால் கேம் பேரிங்கின் துளை பிளாக்கின் துளையோடு சேராமல் திரும்பியிருந்தால், அல்லது துளை மாறிய பேக்கிங் பாதையை மறைத்திருந்தால், கேஜில் அழகான பிரஷர் தெரியும். அந்தப் பேரிங்குக்கு ஆயில் போகாது. அதனால் வேலை முடிந்ததும் டேப்பெட் கவரைத் திறந்து வைத்து ஐட்லிங்கில் விடுங்கள். ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் வழிய வேண்டும். ஒரு முனையில் காய்ந்திருந்தால் ஓட்டாதீர்கள்.

ஹை-வால்யூம் பம்ப் போட்டால் பிரஷர் ஏறுமா?

ரிலீஃப் வால்வு உபரி முழுவதையும் விழுங்க முடிந்தால் உச்ச அளவு ஏறாது. இந்தப் பம்ப்புகளில் கியர் நீளம்; சுமார் 25 சதவீதம் கூடுதலாக ஆயில் தள்ளும். குளிர்ந்த, கெட்டியான ஆயிலில் அந்த உபரி ரிலீஃப் வால்வின் சிறு துளை வழியே போய் முடிவதில்லை. காலையில் முள் பறக்கும். சின்ன பிளாக் செவ்ரோலே போல டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் வழியே பம்ப் சுழலும் எஞ்சின்களில் அந்தச் சுமை முழுவதும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் பற்களில் விழுகிறது. பற்கள் தேய்ந்தால் இக்னிஷன் டைமிங் அலைபாயும். சாதாரணமாக ஓடும் காருக்கு இது வேண்டாத செலவு என்பதே எங்கள் அபிப்பிராயம்.

மெல்லிய ஆயில் ஊற்றிப் பிரஷரைக் குறைக்கலாமா?

கேஜைச் சமாதானப்படுத்தலாம், கோளாறு அப்படியே இருக்கும். எஸ்ஏஇ 50 ஆயில் 100 டிகிரியில் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ்; எஸ்ஏஇ 30 என்பது 9.3 முதல் 12.5. மேனுவல் 20டபிள்யூ-50 சொல்லியிருக்க 30-க்கு இறங்கினால் பேரிங்கில் ஆயில் படலம் மெலியும். மேனுவல் 10டபிள்யூ-30 சொல்லியும் "பழைய வண்டிதானே" என்று 50 ஊற்றியிருந்தால் மட்டும் திரும்பிப் போங்கள்.

குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஃபில்டர் பேக்கிங் பிதுங்கி ஆயில் கொட்டுகிறது. ஃபில்டர் மட்டமானதா?

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டிருந்தால் இப்படி ஆகும். இரட்டை வளையம் சில நிமிடம் தாங்கும், பிறகு பிதுங்கும், சம்ப் காலியாகும். விரலால் தடவிப் பார்த்த பிறகே புதியதைப் போடுங்கள். வளையத்தில் ஆயில் தடவி, தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று போதும்.

ஒற்றை வளையம்தான், சரியாகத்தான் இறுக்கினோம், ஆனாலும் பிதுங்குகிறது அல்லது டப்பாவே உப்பியிருக்கிறது என்றால் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். ரிலீஃப் வால்வு சிக்கியதற்கான நேரடி சாட்சி அது.

காற்றில் குளிரும் ஃபோக்ஸ்வாகனிலும் இதே கதைதான். ரிலீஃப் பிளஞ்சர் மூடிய நிலையில் சிக்கினால், கெட்டியான ஆயில் கூலரைத் தாண்டிப் போக வழியில்லாமல் கூலருக்குள் முழு வேகத்தில் போகும். கூலரோ அதன் சின்ன ரப்பர் சீல்களோ கசியும். பிளஞ்சரைப் பார்க்காமல் கூலரை மாற்றினால் புதுக் கூலரும் கசியும்.

கிராங்க்கேஸ் காற்று பற்றிச் சொன்னீர்கள். அதை அளக்க முடியுமா?

முடியும், உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் போதும். சுமார் இரண்டு மீட்டர் ஹோஸை ஆளுயரச் சட்டத்தில் ஆங்கில யு வடிவில் தொங்கவிட்டு, பாதி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்று புகாமல் மாட்டுங்கள், மறுமுனை திறந்தே இருக்கட்டும். யு-வின் இரு பக்கமும் போதிய உயரம் இல்லாவிட்டால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும், கவனம்.

பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் காற்றை இன்டேக் மேனிஃபோல்டுக்கு இழுத்து விடும் வால்வு) உள்ள எஞ்சினில், ஐட்லிங்கில் டிப்ஸ்டிக் பக்கத்துத் தண்ணீர் ஏறி, இரு மட்டங்களுக்கும் இடையே 25 முதல் 100 மி.மீ. வித்தியாசம் வர வேண்டும். உள்ளே லேசான வாக்குவம் இருக்கிறது என்று பொருள். பழைய டிராஃப்ட் டியூப் மட்டும் உள்ள எஞ்சினில் வித்தியாசம் அநேகமாக இருக்காது, ஏனென்றால் அந்தக் குழாய் கார் ஓடும் காற்றில்தான் இழுக்கும். எந்த எஞ்சினாக இருந்தாலும் மறுபக்கம் 25 மி.மீ.-க்கு மேல் ஏறினால் உள்ளே காற்று அடைபடுகிறது. அந்த நிலையில் எந்த சீலை மாற்றினாலும் பயனில்லை. ஒரு வழியை அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தில் வழியும்.

காரணத்தை எளிதிலிருந்து தொடங்குங்கள். பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். ரப்பர் டயாஃப்ரம் உள்ள பிரிட்டிஷ் வகை என்றால் கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் ப்ரீதர் குழாய்க்குள் இருக்கும் கம்பி வலை தார் போல அடைத்திருக்கும், மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஆயில் ஃபில்லர் மூடியில் அளவான சிறு துளை வைத்த கார்கள் உண்டு. அங்கே துளையில்லாத மூடி போட்டிருந்தால் காற்றோட்டமே கெடும். இவையெல்லாம் சரி, இன்னும் காற்று வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் பக்கம் போக வேண்டும். லீக்-டவுன் சோதனையில் (சிலிண்டருக்குள் காற்று கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) 10 சதவீதத்துக்குள் இருந்தால் நலம், 20-ஐத் தாண்டி ஃபில்லர் வாயில் உஸ்ஸென்று கேட்டால் ரிங்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்றே தெரியவில்லை, அடி முழுக்க ஆயில்.

கழுவாமல் தேடாதீர்கள். டிகிரீசர் அடித்து, டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டர் வாயையும் பாலிதீனால் மூடி, கழுவிக் காயவிடுங்கள். ஆயில் கீழே வழியும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே பார்க்க வேண்டியது நனைந்த இடங்களிலேயே மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும். சொட்டு விழும் இடம் ஒழுகும் இடமல்ல.

காய்ந்த எஞ்சினில் சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் வெள்ளையில் கருங்கோடு தெரியும். மெல்லிய கசிவுக்கு யுவி டை: டப்பாவில் சொன்ன அளவு, வழக்கமாக 4-5 லிட்டருக்கு 30 மி.லி., அரை மணி ஓட்டம், இருட்டில் யுவி விளக்கு.

ஓட்டாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ப்ரீதர், ஃபில்லர் எல்லாம் அடைத்து, டிப்ஸ்டிக் குழாய் வழியே 1 முதல் 2 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, மூட்டுகளில் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் உங்கள் இடம். 2-ஐத் தாண்டக் கூடாது. நல்ல சீலின் உதடும் தூக்கிக்கொள்ளும், தவறான இடத்தைக் குற்றம் சொல்வீர்கள்.

பெல் ஹவுசிங்கின் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள கூடு) அடியில் சொட்டுகிறது. கிராங்க்கின் பின் சீல், அதாவது ரியர் மெயின் சீல்தானே?

அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள், கியர்பாக்ஸை இறக்கியும் விடுவார்கள். அதற்குமுன் மேலே பாருங்கள். டேப்பெட் கவரின் பின் மூலை, பிளாக்கின் பின்பக்கம் இருக்கும் பிரஷர் சென்சார், வி8 என்றால் இன்டேக் மேனிஃபோல்டின் பின் விளிம்பு: மூன்றிலிருந்தும் ஆயில் பிளாக்கின் முதுகு வழியே இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். சென்சாரின் உடலும் பிளாஸ்டிக்கும் சேரும் இடம் நனைந்திருந்தால் சென்சாரை மாற்றினாலே வேலை முடிந்தது.

மேலே காய்ந்திருந்தால் ஆயிலை முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை என்றால் கியர் ஆயில், கியர்பாக்ஸ் முன் சீல். கியர்பாக்ஸ் இறங்கியபின் ஃப்ளைவீலைப் பாருங்கள்: எஞ்சின் பக்க முகம் நனைந்திருந்தால் ரியர் சீல், கேம் ஷாஃப்டின் பின் மூடி அல்லது கேலரி பிளக், கிளட்ச் பக்கம் மட்டும் என்றால் கியர்பாக்ஸ். சீலை மாற்றுவதோடு அந்த மூடியையும் பிளக்குகளையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு துண்டு ரியர் சீல் மாற்றும்போது எங்கே தவறுகிறார்கள்?

சின்ன பிளாக் செவ்ரோலேயில் 1985 வரை இரண்டு துண்டு, 1986-இலிருந்து ஒற்றைத் துண்டு. இரண்டு துண்டு சீலில் உதடு எஞ்சின் உள்பக்கம் பார்க்க வேண்டும். மேல் பாதியை வழுக்கி ஏற்றும்போது பிளாக்கின் கூர் விளிம்பு சீலின் முதுகைச் சீவிவிடும். கூடவே வரும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நடுவில் வைத்து ஏற்றுங்கள். சீலின் முனைகள் பேரிங் கேப்பின் பிரிகோட்டோடு நேராக நிற்காமல் சுமார் 10 மி.மீ. தள்ளி இருக்கட்டும். கேப் உட்காரும் முகத்தில், சீலுக்குப் பின்னால், மெல்லிய பூச்சாக சீலன்ட்.

பின்னால் சீலே இல்லாத எஞ்சின் என்கிறார்களே?

உண்மைதான். 1964 வரை வந்த மூன்று பேரிங் எம்ஜிபி, பல டிரையம்ஃப் எஞ்சின்கள் போன்றவற்றில் கிராங்க்கில் திருகு மரை வெட்டியிருக்கும்; சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பும். நின்றுவிட்டால் அதற்கு வேலையில்லை. அதனால் நிறுத்தியபின் சில சொட்டு விழுவது வடிவமைப்பு, கோளாறு அல்ல. சரிவில் பின்பக்கம் தாழ நிறுத்தினால் கூடும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டாமல் ஆயில், சுத்தமான ப்ரீதர், சமதளம்: இவற்றால் குறையும். லிப் சீல் மாற்றுக் கிட் சில எஞ்சின்களுக்கு உண்டு, ஆனால் எஞ்சின் எப்படியும் வெளியே வரும் நாளில் செய்யுங்கள்.

டேப்பெட் கவர் பேக்கிங் மாற்றி மாற்றிப் போட்டும் நிற்கவில்லை.

இறுக்கம்தான் காரணம். எம்ஜிபியில் இந்த நட்டுக்கு 4 பவுண்டு-அடி மட்டுமே, சம்ப் போல்ட்டுக்கு 6. ஸ்பேனரைப் பிடித்து இழுக்கும் கைக்கு இது "இறுக்கவே இல்லை" என்று தோன்றும். அதற்கு மேல் போனால் தகரக் கவர் போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்து, நடுவில் மேடாகும். கவரைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். குழிந்த துளைகளைத் தட்டை இரும்பின் மேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்குங்கள். கார்க் பேக்கிங்கைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டுங்கள், ஹெட் பக்கம் உலர்வாக இருக்கட்டும்.

ஆர்டிவி சிலிகானை (காய்ந்தால் ரப்பராகும் பசை) பேக்கிங்கின் மேல் அப்பாதீர்கள். வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். அது உதிர்ந்து பம்ப்பின் வலையில் போய் ஒட்டும். அப்போது பிரஷர் குறையும் கவலை வரும். தேவையான இடத்தில் 2-3 மி.மீ. கோடு போதும்.

முன் சீல் புதிது, மறுபடி ஒழுகுகிறது.

புல்லி ஹப்பில் பழைய சீல் ஓடிய இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் பள்ளம். மெல்லிய ஸ்டீல் ஸ்லீவை அதன்மேல் ஏற்றலாம், அல்லது சீலை ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி அடித்து புதிய இடத்தில் ஓடவிடலாம்.

செப்பு வாஷரைத் திரும்பப் போடலாமா?

போடலாம், மங்கிய சிவப்பாகும் வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டு மென்மையாக்கிய பிறகு.

"ஒழுகலை நிறுத்தும்" திரவங்கள் வேலை செய்யுமா?

காய்ந்து விறைத்த ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கும். சில வாரம், சில மாதம் பலன் தெரியலாம். திருகு மரைக்கும், பள்ளம் விழுந்த ஹப்புக்கும், கார்க் பேக்கிங்குக்கும் எதுவும் செய்யாது.

எப்போது உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்?

கேஜ் பைப் விரிசல் விட்டு ஆயில் பீய்ச்சும்போது, ஃபில்டர் உப்பும்போது, எக்சாஸ்ட்டில் ஆயில் விழுந்து புகையும்போது. உயரத்தில் நின்றிருந்த முள் திடீரென்று விழுந்தாலும் அதே: ஆயில் எங்கோ வெளியே போய்விட்டது, டிப்ஸ்டிக் பார்க்காமல் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். அடியில் நாலைந்து சொட்டு என்பது இந்தப் பட்டியலில் இல்லை. சுமார் 20 சொட்டாவது சேர்ந்தால்தான் ஒரு மில்லிலிட்டர். கீழே ஓர் அட்டையை விரித்து, தேதி எழுதி, வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள்.